கால் வழுக்கியது என்று சொன்னோம்

உரும்பிராய்
4 மார்ச் 2024

அன்புள்ள அபிகாயிலுக்கு,

கர்த்தரின் தயவினால் நானும் இளையவன் நேசனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீரும் பேத்தி மதுஷாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் நீர் வைத்துவிடுகிறீர். கடைசியாகக் கதைத்தபோது நானும் நாலு வார்த்தை கூடச் சொல்லிவிட்டேன்தான். கடிதம் என்றால் அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர். அதனால் எழுதுகிறேன்.

றொபினின் முப்பத்தோராம் நாள் ஆராதனை முடிந்து, வந்த சனம் சாப்பிட்ட கோப்பைகள் கழுவ முன்னமே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்கு, உம்முடைய தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டீர். புருஷன் செத்த வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லையாக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது எழுதுவது அதைப்பற்றி அல்ல.

எங்கள் போதகரின் மனைவி நேற்று வீட்டுக்கு வந்தார். மதுஷாவின் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒருத்தி அவருக்குச் சொந்தமாம். பிள்ளையின் தகப்பனுக்கு மனநோய், தானாகத்தான் உயிரை விட்டார் என்று நீர் அதிபரிடம் சொன்னீராம். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கையில் இருந்த தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது.

என் மகன் கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்தவன். மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை என்று பார்க்கப் போனவன். மாரி மழைக்குக் கிணற்றுக்கட்டு முழுவதும் பாசி. மரண விசாரணைக்கு வந்தவருக்கு அப்படித்தான் சொன்னோம். சபைக்கும் அப்படித்தான் சொன்னோம். நீரும் பக்கத்தில் நின்றீர், மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இப்போது ஏன் இந்தப் புதுக்கதை? நாளைக்கு நேசனுக்குப் பெண் கேட்டுப் போனால் “உவையின்ரை குடும்பத்திலை விசர் ஓடுது” என்று சனம் சொல்லாதா? மதுஷா வளர்ந்தால் அவளுக்கும் அதே சொல்தான் கிடைக்கும். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இதுவும் வேண்டுமா?

உயிர்த்தஞாயிறுக்குப் பிள்ளையை அனுப்பும். நேசன் மோட்டார்சைக்கிளில் வந்து கூட்டிவருவான். அவளுக்கு நீர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அப்பா பரலோகத்தில் இருக்கிறார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குப் போதும்.

இப்படிக்கு,
மாமி
சுகிர்தம்


உடுப்பிட்டி
13 மார்ச் 2024

மாமிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முன்பள்ளிக்குக் கொண்டுபோய், பிள்ளைகளின் தாய்மார் வந்து அவர்களைக் கூட்டிப்போன பிறகு, அந்தச் சின்னக் கதிரையில் இருந்து திரும்பவும் வாசித்தேன்.

அதிபரிடம் ஏன் சொன்னேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. மதுஷா பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வரும்போது உதடு வெடித்திருக்கும். கொண்டுபோன போத்தல் முடிந்தால் முடிந்ததுதான், வெயிலுக்குள் விளையாடினாலும் குழாயடிக்குப் போகமாட்டாள். அந்தத் தண்ணீர் கிணற்றிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அதிபர் என்னைக் கூப்பிட்டு “பிள்ளைக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டார். வேறு என்ன சொல்ல?

மதுஷாவுக்கும் சொல்லிவிட்டேன். நானாகத் தொடங்கவில்லை. தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது அவள்தான் கேட்டாள்.

“அம்மா, அப்பா தெரிஞ்சு விழுந்தவரோ, தெரியாமல் விழுந்தவரோ?”

“ஆர் உன்னட்டை இதைக் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன். அதிலை பாசி இருக்கெண்டு அப்பாவுக்குத் தெரியும்தானே. என்னை ஏறவேண்டாமெண்டு அவர்தானே சொன்னவர்.”

இந்தப் பிள்ளையிடம் எந்தப் பொய்யைச் சொல்லச் சொல்கிறீர்கள்? அப்பாவின் மனதில் ஒரு வருத்தம் வந்தது, கால் முறிந்தால் நோவது போல மனம் நொந்தது, அந்த வருத்தம்தான் அவரைக் கொண்டுபோனது, உன்னிலும் கோபமில்லை என்னிலும் கோபமில்லை என்றேன். “எனக்கும் அது வருமோ?” என்றாள். வந்தால் என்னிடம் சொல், மருந்து இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மற்றப் பின்னலைப் போடச் சொன்னாள்.

உங்களுக்கு ஒன்று எழுதவேண்டும். எழுதலாமா என்று தெரியவில்லை.

றொபின் காலையில் ஒரு காலுக்குச் சொக்ஸ் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பார். ஆய்வுகூடத்திலிருந்து வேலைக்கு ஏன் வரவில்லை என்று கோல் வரும். அதற்கும் அசையமாட்டார். கோவிலில் பாட்டுகளுக்கு இனி ஓகன் வாசிக்க ஏலாது என்று அவர் சொன்னபோது கைநோ என்று நினைத்து நீங்கள் எண்ணெய் பூசிவிட்டீர்கள். நான் அவரை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு இரண்டு தரம் கூட்டிப்போனேன். மூன்றாம் தரம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அப்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “எங்கடை ஆக்கள் ஜெபத்தாலை சுகப்படுறவை. உந்த விசர்க் கிளினிக்குக்குப் போறவையில்லை.” அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு போகவேயில்லை.

நீங்கள்தான் காரணம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இந்த வசனத்தை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். வெட்டவில்லை.

உயிர்த்தஞாயிறுக்கு மதுஷாவை அனுப்பமாட்டேன். அந்தக் கிணற்றைத் தாண்டித்தானே உங்கள் வீட்டுக்குள் வரவேண்டும்.

அபிகாயில்


உரும்பிராய்
5 ஏப்ரல் 2024

அபிகாயிலுக்கு,

பெற்ற தாய்க்கு எழுதக்கூடிய கடிதமா அது? எட்டாம் மாதத்திலேயே பிறந்து, தப்பாது என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளையைப் பஞ்சில் சுற்றி நெஞ்சோடு வைத்து வளர்த்தவள் நான். அவனுக்கு எது நல்லது என்று நீர் எனக்குச் சொல்லித் தருகிறீர்.

நானும் ஒன்று எழுதுகிறேன், வெட்டாமல். கிளினிக்கில் தந்த குளிசைகளை நீர்தான் அவனுக்குக் கொடுத்தீர். அதைக் குடித்த பிறகுதான் அவனுக்குத் தலைச்சுற்று, தள்ளாட்டம் எல்லாம் வந்தது. நல்லாய் நடக்கிற பிள்ளை கிணற்றுக்கட்டில் ஏன் வழுக்கினான் என்று நீரே யோசியும்.

உயிர்த்தஞாயிறு ஆராதனைக்குப் போனேன். ஓகனில் ஒரு சின்னப் பெட்டை இருந்து வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். முதற்பாட்டு முடிய முன்னம் எழும்பி வெளியில் வந்துவிட்டேன். மதில் ஓரமாய் நின்றேன். ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. முன்னென்றால் நாலு பேர் தண்ணீரோடு ஓடிவந்திருப்பார்கள். உம்முடைய கதை அதுவரைக்கும் வந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

எனக்கு இப்போது நேசன் ஒருவன்தான் ஆறுதல். அண்ணனின் சட்டைகளைத்தான் எடுத்துப் போடுகிறான். பின்னால் பார்த்தால் றொபின் போகிற மாதிரியே இருக்கும். இந்தப் போகம் தோட்டம் செய்யவில்லை. வெங்காயத் தறை சும்மா கிடக்கிறது. பகலெல்லாம் படுத்திருக்கிறான். களைத்துப்போனான், ஆறட்டும் என்று நானும் எழுப்புவதில்லை. அவனுடைய குணமே மாறிவிட்டது. தான் வளர்த்த ஆட்டுக்குட்டிகளைப் பக்கத்து வீட்டுத் தனுசியாவுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். கிரிக்கெட் சாமான்களை விளையாட்டுக் கழகப் பெடியங்களுக்குக் கொடுத்தான். “ஏனடா?” என்றால், “எனக்கென்னத்துக்கு அம்மா?” என்று சிரிக்கிறான். கர்த்தர் அவன் மனதிலிருந்து உலக ஆசையை எடுத்துவிட்டார். ஊழியத்துக்கு அழைக்கிறாரோ என்று போதகரிடமும் கேட்டிருக்கிறேன்.

ஒரு பிள்ளையை எடுத்தவர் மற்றப் பிள்ளையைத் தமக்கென்று வைத்திருக்கிறார். அதையாவது விட்டுவையும்.

சுகிர்தம்


உடுப்பிட்டி
10 ஏப்ரல் 2024

மாமி,

எங்கள் சண்டையை ஒரு பக்கம் வையுங்கள். குளிசையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன். நேசனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அது ஊழியத்துக்கு அழைப்பு அல்ல மாமி. மார்கழியில் றொபின் தன் பாட்டுப் புத்தகங்களையெல்லாம் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். நல்ல மனம் என்று நீங்களும் நானும் ஒரே வாயால் சொன்னோம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நேசனுக்குக் கோல் எடுத்தேன். “மச்சாள், எனக்கு ஒண்டுமில்லை. அம்மா சும்மா பெருப்பிச்சு எழுதுறா” என்று சிரித்தான். றொபினும் அப்படித்தான் சிரிப்பார், வாய் மட்டும்.

நீங்கள் அவனைக் கேட்கவேண்டும். சுற்றி வளைக்காமல், சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று அந்தச் சொல்லாலேயே கேட்கவேண்டும். கேட்டால் இல்லாத நினைப்பையும் நாங்களே கொடுத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். முதல் தரம் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் பெண்பிள்ளை என் முன்னாலேயே றொபினிடம் அப்படித்தான் கேட்டார். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. ஆனால் றொபின் அழுதார் மாமி. மாதக்கணக்காக அழாத மனுஷன், பாரத்தை இறக்கி வைத்தது போல அழுதார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டார். கேட்டதால் ஒருவரும் சாகவில்லை. 

நேசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். கைகூப்பிக் கேட்கிறேன்.

அபிகாயில்


உரும்பிராய்
15 ஏப்ரல் 2024

அபிகாயிலுக்கு,

ஒரு பிள்ளையைப் புதைத்த தாயிடம் மற்றப் பிள்ளையையும் சாகப்போகிறாயா என்று கேள் என்கிறீர். அந்தச் சொல்லை என் வாயால் என் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். நேசன் சாப்பிடுகிறான், குளிக்கிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். அவனுக்கு ஒன்றுமில்லை.

இனி எழுதவேண்டாம்.

சுகிர்தம்


உடுப்பிட்டி
21 ஏப்ரல் 2024, ஞாயிறு மத்தியானம்

மாமி,

எழுதவேண்டாம் என்றீர்கள். இதை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்து முடிக்கும்வரை அவர் உங்கள் வீட்டில்தான் இருப்பார்.

நேசன் காலையில் இங்கே வந்தான். உங்களுக்குச் சொல்லிவிட்டு வந்தானோ தெரியாது. முகம் வழித்து, றொபினின் வெள்ளைச் சேட்டுப் போட்டு, நல்ல வடிவாக வந்திருந்தான். மதுஷாவோடு முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடினான். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம். றொபினின் கைமணிக்கூட்டை எடுத்து அவள் கையில் கட்டிவிட்டான். அது முழங்கைவரைக்கும் போய் நின்றது. “பெரிய பிள்ளையானாப் பிறகு அளவாய் வரும், வைச்சிரு” என்றான்.

வெளிக்கிடும்போது என்னிடம் வந்து மெல்லிய குரலில், “மச்சாள், அம்மாவோடை கோவிக்காதேங்கோ. அவ தனிச்சுப் போவா” என்றான்.

“ஏன் தனிச்சுப் போறா? நீ எங்கை போறாய்?” என்று கேட்டேன்.

மதுஷாவின் தலையைத் தடவினான். நீங்கள் கேட்கமாட்டேன் என்ற கேள்வியை நான் கேட்டேன் மாமி. “உங்களுக்கு விசரே மச்சாள்” என்று சிரித்து மழுப்பிவிட்டான். மோட்டார்சைக்கிள் திறப்பைப் பறித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். உரும்பிராயில் தனக்கு ஒரு அலுவல் இருக்கிறது, அவனுக்குப் பின்னால் இருக்கப் பயம், மோட்டார்சைக்கிளைத் தானே ஓடுவதாக அப்பா சொல்லிக் கூட்டிவருகிறார்.

நானும் வந்திருப்பேன். ஆனால் என்னைக் கண்டால் நீங்கள் சண்டை பிடிப்பீர்கள், நானும் விடமாட்டேன். அவன் நடுவில் நின்று எங்கள் இருவரையும் சமாதானப்படுத்துவான். கேட்கவேண்டியது கேட்கப்படாமலே போய்விடும். அவன் எனக்குச் சொல்லமாட்டான். உங்களுக்குத்தான் ஒளிக்கிறான், அதனால் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

இன்றைக்கே கேளுங்கள் மாமி.

அபிகாயில்


ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணம்
29 ஏப்ரல் 2024

பிள்ளை அபிகாயில்,

நேசன் இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். வாட்டில் இருக்கிறான். அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பகலில் நான், இராவில் உன்னுடைய அப்பா. உன் அப்பா இருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. உனக்குத் தொலைபேசியில் செய்தி மட்டும்தான் சொன்னார். நடந்ததை நான்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு அவர் உன் கடிதத்தைத் தந்துவிட்டு, “வாசியுங்கோ, நான் இஞ்சைதான் இருப்பன்” என்று விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வாசித்தேன். முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு, அவ தனிச்சுப் போவா என்று அவன் சொன்ன இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அதற்கு மேல் கண் போகவில்லை.

அவன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தான். றொபினுக்குப் பிறகு அதைத் தாண்டிப் போனாலும் கட்டுக்குக் கிட்ட நான் போனதில்லை. அன்றைக்குப் போனேன். கட்டோடு சாய்ந்துகொண்டு நின்றான்.

“நேசன், தேத்தண்ணி குடிக்கிறியோ?”

“ஓம் அம்மா.”

கேட்கப் போனது அதை இல்லை. திரும்பி நாலு அடி நடந்துவிட்டேன். குசினி வாசலில் நின்றேன். உன் கடிதம் கையில் இருந்தது. திரும்பவும் போனேன்.

“நேசன், உனக்குச் சாகவேணும் எண்டு நினைப்பு வருதோ?”

“ஓம் அம்மா.”

தேத்தண்ணிக்குச் சொன்ன அதே குரலில் சொன்னான், பிள்ளை.

கை தானாக எழும்பியது. அடிக்கத்தான் ஓங்கினேன். ஆனால் அவனுடைய சட்டையைத்தான் பிடித்தேன். பிடித்த பிடியில் பொத்தான்கள் தெறித்து விழுந்தன. அந்த ஈர நிலத்தில் இருவரும் இருந்துவிட்டோம். அவன் கதைக்கத் தொடங்கினான். நான் அவனை விடவில்லை.

“அண்டைக்குக் கிணத்தடியிலை மோட்டரே இல்லை அம்மா. திருத்தக் கடையிலை குடுத்திருந்தது. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். மோட்டர் பாக்கப் போனவன் எண்டு சொல்லு எண்டு நீங்கள் சொன்னியள், சொன்னன். பிறகு வந்த சனமெல்லாம் என்னட்டைத்தான் கேட்டது. நான்தானே இறங்கித் தூக்கினது. ஒவ்வொருத்தருக்கும் சொன்னன். கால் வழுக்கினது, கால் வழுக்கினது எண்டு சொல்லிச் சொல்லி அண்ணையை வேறை ஆரோவாக்கிப்போட்டன். அவருக்கு எவ்வளவு நொந்திருக்கும் எண்டு ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது. அவரை நினைச்சு அழவும் ஏலாது. கால் வழுக்கின ஆளுக்கு அழுகிற மாதிரித்தான் அழவேணும். அவற்றை முகத்தைத் தண்ணிக்குள்ளை கண்டது நான் ஒராள்தான் அம்மா.”

மோட்டர் கடையில் இருந்தது எனக்குத் தெரியாததல்ல.

உன் அப்பா ஓட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவனோடு கன நேரம் கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்டார். “மூத்த மகன், ஜனவரியிலை” என்றேன். “எப்பிடி?” என்று கேட்டார். “தானாத்தான்” என்றேன். அவர் தலையைக் குனிந்து எழுதினார். இடி ஒன்றும் விழவில்லை. தாதி ஒருத்தி எனக்குக் கதிரை இழுத்துத் தந்தாள்.

போதகரின் மனைவி வந்து, “நேசனுக்கு என்ன காய்ச்சலோ?” என்று கேட்டார். இரண்டு பேரைப் பற்றியும் சொன்னேன். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சபையில் சிலர் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். பலர் வரவில்லை. தனுசியாவின் தாய் வந்து, ஆட்டுக்குட்டிகள் அவனுடையதுதான், வந்து கூட்டிப்போகட்டும் என்று அழுதுவிட்டுப் போனாள்.

அவன் சுகப்பட்டுவிட்டான் என்று நினைத்துவிடாதே. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். மருந்துக்கு நாக்குத் தடித்துக் கதை சரியாய் வருவதில்லை. நேற்று என்னிடம், “நீங்கள் கேட்டிருக்கக்கூடாது அம்மா, விட்டிருக்கலாம்” என்றான். டொக்டரைக் கேட்டால் காலம் எடுக்கும் என்கிறார். எவ்வளவு காலம் என்று சொல்கிறாரில்லை. நான் கண் அயர்ந்தால் அவன் எழும்பிப் போய்விடுவான் என்று பயம். இராவில் வீட்டுக்குப் போனாலும் படுக்க ஏலாது. ஸ்டூலில் இருந்தபடியே இரண்டு தரம் சரிந்து விழப்பார்த்தேன்.

என்னோடு கோபம் இருக்கட்டும். வருவாயோ?

மாமி


உடுப்பிட்டி
2 மே 2024

மாமிக்கு,

கடிதத்தை அப்பா கொண்டுவந்து தந்தார். வாசிக்க எனக்கு நேரம் எடுத்தது.

நீங்கள் கேட்டீர்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். நானும் அவனிடம் கேட்டவள்தானே. அதற்காக, எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று எழுத என்னால் இன்னும் முடியவில்லை. றொபின் குனிந்து சப்பாத்துக் கழற்றியது கண்ணைவிட்டுப் போகுதில்லை. உங்களுக்கும் என்னைப்பற்றி அப்படி ஏதோ ஒன்று இருக்கும். இருக்கட்டும்.

விட்டிருக்கலாம் என்று நேசன் சொன்னதற்கு மறுமொழியாக ஒன்றும் சொல்லாதீர்கள். வேதவசனமும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். அவன் எப்போதாவது றொபினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தவேண்டாம், தண்ணீருக்குள் கண்ட முகத்தைப் பற்றிச் சொன்னாலும் நிறுத்தவேண்டாம். எனக்கும் அதைக் கேட்கவேண்டும். கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

மதுஷாவுக்குச் சித்தப்பா ஆஸ்பத்திரியில் என்று சொன்னேன். “அப்பாவுக்கு வந்த அதே வருத்தமோ?” என்றாள். ஓம் என்றேன்.

“சித்தப்பாவும் செத்துப்போவாரோ?”

“இல்லை” என்று வாய்வரைக்கும் வந்ததைச் சொல்லவில்லை. “தெரியேல்லை பிள்ளை. அவரை விடாமல் பாத்துக்கொண்டிருக்கிறம்” என்றேன்.

“ஆர் ஆர்?”

“அப்பம்மா பாக்கிறா. தாத்தா பாக்கிறார். டொக்டரவை பாக்கினம். சனிக்கிழமையிலை இருந்து நானும்.”

முன்பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். மதுஷாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை முதலாவது பஸ்ஸில் வருகிறேன். நான் வந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். நித்திரை வராவிட்டால் சும்மா கிடந்தாலும் போதும். பின்னேரம்வரைக்கும் நான் அவனுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அபிகாயில்